அழுகிற பிள்ளையை விட்டுவிட்டு அழாத பிள்ளையைப் பார்த்தது ஏன்?

கேள்வி: போன வாரம் எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் உடம்பு சரியில்லை. ராத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போனேன். 4 வயசுப் பையனுக்கு 103 டிகிரி ஜுரம், ஓயாத அழுகை. 8 மாசப் பாப்பாவுக்குச் சளி, 100 டிகிரிதான். நர்ஸ் பையனைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார். பாப்பாவின் சட்டையைக் கழற்றி ஒரு நிமிஷம் வயிற்றையே பார்த்தார், சீட்டில் 'ஆர்.ஆர். 58' என்று எழுதி, ஆக்சிஜன் வைக்க உடனே உள்ளே அனுப்பினார். வயிற்றுவலி என்று வந்த 13 வயசுப் பெண்ணைப் பார்க்கும்போது என்னையே வெளியே போகச் சொன்னார்கள். ஏன் இப்படி? எது அவசரம் என்று வீட்டில் எப்படித் தெரிந்துகொள்வது?
- வாசகி, கொருக்குப்பேட்டை

மருத்துவர் பதில்:

அந்த நர்ஸ் செய்தது அத்தனையும் சரி. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது வீட்டுக் கணக்கு. அவசரப் பிரிவில் அது செல்லாது. கத்தி அழுகிற பிள்ளைக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கிறது, நுரையீரலுக்குக் காற்று போய் வருகிறது, ஊசி போட வந்தவர் யார் என்று புரிகிற அளவுக்கு நினைவும் தெளிவாக இருக்கிறது. அழத் தெம்பில்லாமல் தோளில் துவண்டு கிடக்கிற பிள்ளையிடம் இதில் எதையும் நம்ப முடியாது. அதனால்தான் தெர்மாமீட்டரை எடுக்கும் முன்பே மூன்றைப் பார்த்துவிடுகிறார்கள்: முகம் கொடுக்கிறதா, மூச்சுக்குச் சிரமப்படுகிறதா, நிறம் எப்படி இருக்கிறது. தொடாமலேயே, அரை நிமிஷத்தில் இது முடிந்துவிடும்.

'ஆர்.ஆர். 58' என்றால் நிமிஷத்துக்கு 58 மூச்சு. 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் 1 வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் போனால் வேகமூச்சு. உங்கள் பாப்பா 50-ஐத் தாண்டிவிட்டது. ஜுரம் 100 என்பதால் 'வெறும் சளி' என்று நினைத்துவிட்டீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு வருகிற ஆபத்தில் பெரும்பகுதி மூச்சு வழியாகத்தான் வருகிறது, அதை ஜுரத்தின் அளவு காட்டிக்கொடுக்காது.

இந்தக் கணக்கை வீட்டிலும் எடுக்கலாம். பிள்ளை தூங்கும்போதோ, மடியில் அமைதியாக இருக்கும்போதோ சட்டையை மார்புக்கு மேலே ஏற்றிவிடுங்கள். கைக்குழந்தை வயிற்றால் மூச்சு விடும், ஆகவே பார்வை வயிற்றில் இருக்கட்டும். ஒரு ஏற்றமும் இறக்கமும் சேர்ந்தது ஒன்று. போனில் டைமர் வைத்து முழு 60 விநாடி எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் தப்பாகும், ஏனென்றால் கைக்குழந்தையின் மூச்சு சீராக இருக்காது. சில விநாடி வேகமாக ஓடும், சில விநாடி நிதானிக்கும். அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ண வேண்டாம். கூடுதலாக வந்தால் இன்னொரு தரம் எண்ணிப் பாருங்கள். ஜுரமும் மூச்சை வேகப்படுத்தும் என்பதால், ஜுர மருந்து கொடுத்து உடம்பு தணிந்த பிறகும் எண்ணுங்கள். ஆனால் பிள்ளை திணறினால் இதற்கெல்லாம் காத்திருக்கக் கூடாது.

எண்ணும்போதே விலா எலும்புக்குக் கீழே பாருங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது மார்பின் அடிப்பகுதி பள்ளமாக உள்வாங்கினால், மூக்குத் துவாரம் விடைத்தால், மூச்சு விடும்போது முனகல் கேட்டால் எண்ணிக்கை என்னவாக இருந்தாலும் கிளம்புங்கள். நிறத்தை மேல்தோலில் தேடாதீர்கள். நம் பிள்ளைகளின் மாநிறத்தில் நீலம் பாய்வது சீக்கிரம் தெரியாது. நாக்கையும் உதட்டின் உட்பக்கத்தையும் பாருங்கள். அங்கே நீலமோ சாம்பல் நிறமோ தெரிந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

8 மாதத்தில் சளியோடு இரைப்பு என்றால் பெரும்பாலும் வைரஸால் நுரையீரலின் சிறுகுழாய்கள் வீங்குகிற பிராங்கியோலைட்டிஸ்தான். இது மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை கூடி, பிறகு குறையும். ஆகவே முதல் நாள் பார்த்து அனுப்பிவிட்டார்கள் என்றால் வேலை முடிந்தது என்று அர்த்தமில்லை; காலையும் இரவும் மூச்சை எண்ணுங்கள், வழக்கமான பாலில் பாதிகூடக் குடிக்கவில்லை என்றால் திரும்பப் போங்கள். குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டுவதையும், ராத்திரி கொசுவர்த்திச் சுருளையும் நிறுத்துங்கள். எண்ணூர், மணலிப் பக்கத்துக் காற்றே போதும் போதும் என்றிருக்கிறது, வீட்டுக்குள்ளும் வேறு புகை எதற்கு? மூக்கில் எண்ணெய் விடுவதும் கூடாது, அது நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். கற்பூரம் கலந்த தைலம் இந்த வயதில் வலிப்பையே உண்டாக்கலாம். மூக்கடைப்புக்கு, பால் கொடுக்கும் முன் சலைன் எனும் உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். மாந்தம் என்று மந்திரிக்கக் கூட்டிப் போவது உங்கள் நம்பிக்கை, நான் குறுக்கே வரவில்லை. ஆனால் முதலில் மூச்சை எண்ணுங்கள். கணக்கு கூடுதலாக இருந்தால் மருத்துவமனைதான் முதலில்.

இனி பையன். நர்ஸ் அவனைத் தொட்டுப் பார்த்தது சும்மா இல்லை. நெஞ்செலும்பின் மேலோ விரல் நுனியிலோ 5 விநாடி அழுத்திவிட்டு எடுத்தால், வெளிறிய இடத்துக்கு 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். 3 விநாடிக்கு மேல் ஆனால், கை கால் சில்லிட்டிருந்தால், ரத்த ஓட்டம் குறைகிறது என்று பொருள். பிள்ளைகளின் உடம்பு நாடித் துடிப்பை ஏற்றி, தோலுக்குப் போகிற ரத்தத்தைக் குறைத்து, ரத்த அழுத்தத்தைக் கடைசி வரை தாங்கிப் பிடித்துவிடும். அழுத்தம் இறங்குகிற நேரத்தில் நிலைமை கைமீறிக்கொண்டிருக்கும். உங்கள் பையன் கண்ணீர் விட்டு அழுதிருக்கிறான், கை கதகதப்பாக இருந்திருக்கும், அதனால்தான் உட்கார வைத்தார்.

அவனுக்கு பாராசிட்டமால் அளவு வயதை வைத்து அல்ல, எடையை வைத்துத்தான்: ஒரு வேளைக்கு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், குறைந்தது 4 முதல் 6 மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் வேண்டாம். 15 கிலோ என்றால், 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 4 மில்லி. தப்பு நடப்பது பாப்பாவின் பாட்டிலில். கைக்குழந்தைக்கான பாராசிட்டமால் சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். அண்ணனுக்குக் கொடுத்த 4 மில்லிதானே என்று சொட்டு மருந்தில் 4 மில்லி ஊற்றினால் 8 கிலோ பாப்பாவுக்கு 400 மில்லிகிராம் போய்விடும். அது கொடுக்க வேண்டியது 80 முதல் 120. இரண்டு பாட்டிலையும் ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். டாக்டர் சொல்லாமல் ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் வேண்டாம். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு கூடும். டெங்குவில் ஜுரம் விட்டதும் நிம்மதியாகிவிடுகிறோம், ஆனால் ஆபத்து அந்த நேரத்தில்தான். ஜுரம் இறங்கிய ஒன்றிரண்டு நாளில் விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்வு, சில்லென்ற கை கால் இருந்தால் அன்றைக்கே போங்கள்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரம் பாருங்கள். கையில் சாவிக்கொத்து, வாயில் ஸ்பூன் எதுவும் வேண்டாம். 5 நிமிஷத்தைத் தாண்டினால் 108.

பேதிக்கு ஒன்றே ஒன்று: ஓ.ஆர்.எஸ். 1 லிட்டர் பாக்கெட்டை முழு 1 லிட்டர் தண்ணீரில் ஒரே தடவையில் கரையுங்கள். டம்ளரில் கொஞ்சம் கொட்டிக் கலக்கினால் உப்பு அதிகமாகி, அதுவே தொல்லை தரும்.

3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி வந்தால், வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் மருத்துவமனைதான். எந்த வயதிலும் பால், தண்ணீர் குடிக்க முடியாமை, எல்லாவற்றையும் வாந்தி எடுப்பது, எழுப்பினாலும் எழாமல் கிடப்பது, 8 மணி நேரமாக சிறுநீர் போகாமை இவை காத்திருக்கிற சமாச்சாரமல்ல. இந்த அறிகுறிகள் இல்லையென்றால் பகலில் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் போதும். ராத்திரியில் ஸ்டான்லியோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையோ. போனதும் நர்ஸிடம் எடை, கடைசியாக மருந்து கொடுத்த நேரமும் அளவும், கடைசியாக சிறுநீர் போன நேரம் மூன்றையும் சொல்லிவிடுங்கள். தடுப்பூசி அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

பெரிய பெண் விஷயத்தில் கோபப்படாதீர்கள். 13 வயசில் வயிற்றுவலி என்றால் மாதவிடாய், சிறுநீர் எரிச்சல், குடல்வால், சாப்பாட்டைத் தவிர்ப்பது, பள்ளியில் யாராவது படுத்துகிறார்களா, மனசு சரியில்லையா, எல்லாவற்றையும் கேட்டாக வேண்டும். அம்மா பக்கத்தில் இருந்தால் பாதிக்கு 'ஒண்ணுமில்லை' என்றுதான் பதில் வரும். உயிருக்கு ஆபத்து என்றாலோ, தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் இருந்தாலோ அதை உங்களிடமிருந்து மறைக்க மாட்டார்கள். பாலியல் தொந்தரவு என்று தெரிந்தால் 2012-ன் போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆக வேண்டும். மற்றது அவளுக்கும் சிகிச்சை தருபவருக்கும் இடையில் இருக்கட்டும். பரிசோதனை நேரத்தில் அவள் கேட்டால் நீங்கள் கூட இருக்கலாம்.

இதே வயதுப் பையனாக இருந்தால் ஒன்று கூடுதல். அடிவயிறு வலிக்கிறது என்று வருவான், விதையில் வலி என்று வெட்கத்தில் சொல்லமாட்டான். விதை முறுக்கிக்கொண்டிருந்தால் சுமார் 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால்தான் அதைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு. அடிவயிற்று வலியோடு வருகிற பையன்களின் அரைக்கால் சட்டையைக் கழற்றச் சொல்வது அதற்காகத்தான்.

உங்கள் பெண்ணுக்கு வலி தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து வலது அடிவயிற்றுக்கு நகர்ந்தாலோ, வாந்தி சேர்ந்தாலோ, குதித்து நடக்க முடியாமல் குனிந்து நடந்தாலோ வலி மாத்திரை கொடுத்துத் தூங்க வைக்காதீர்கள். அது குடல்வால் வீக்கமாக இருக்கலாம்; எதுவும் சாப்பிடக் கொடுக்காமல் திரும்பக் கூட்டிப் போங்கள்.