ஏர் பிஸ்டல்: குண்டுகள் இடது பக்கம் கீழே போனால் சைட்டை (குறி பார்க்கும் பாகத்தை) திருப்பலாமா?

வலது கையால் சுடுபவர் என்றால் சைட்டை இப்போதைக்குத் தொடவே தொடாதீர்கள். இடது கீழே குண்டு கூடுவது பெரும்பாலும் ட்ரிகரை வெடுக்கென்று இழுப்பதால் வருவது. 10 மீட்டர் போட்டியில் இலக்கில் பத்துப் புள்ளி தரும் வட்டத்தின் விட்டம் வெறும் 11.5 மி.மீ.; முன் சைட் சற்றே சாய்ந்தாலும் குண்டு அதைத் தாண்டிவிடும்.

வெள்ளைச் சுவரைப் பார்த்து, பெல்லட் போடாமல், டிரை ஃபயர் முறையில் இருபது தடவை அழுத்திப் பாருங்கள். கண் முன் சைட்டின் மேல் விளிம்பிலேயே இருக்கட்டும். ட்ரிகர் விடுபடும் நொடியில் அது இடது கீழாகத் துள்ளுகிறதா? அப்படியென்றால் சிக்கல் கையில். விரல் நுனிச் சதையால் நேர் பின்னோக்கி, மெல்ல அழுத்தப் பழகுங்கள். எனக்கு இந்த வெள்ளைச் சுவர்தான் உண்மையான ஆசான்.

துள்ளவில்லையா, சரி, அப்புறம் கருவியைப் பாருங்கள். பின் சைட், கிரிப் (கைப்பிடி) திருகுகள் தளர்ந்திருக்கலாம். சிலிண்டரில் காற்று மிகவும் குறைந்தால் வேகம் விழுந்து குண்டு கீழே இறங்கும். ட்ரிகர் எடையை, அதாவது அதை விடுவிக்கத் தேவையான அழுத்தத்தை, குறைக்க ஆசைப்படாதீர்கள்: போட்டி விதிப்படி 500 கிராமுக்குக் கீழே போகக் கூடாது.