பெர்மிலாப் குளிரும் ஆந்தை ஷிப்டும்

தம்பி, அமெரிக்காவின் துகள் இயற்பியல் ஆய்வகமான பெர்மிலாப்பில் மியூ-டு-இ சோதனைக்கு (மியூவான் துகள் எலக்ட்ரானாக மாறுகிறதா என்று தேடுவது) போஸ்ட்டாக்காக, அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக, வருகிறேன், சிகாகோ பக்கத்துக் குளிரும் தனிமையும் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 2003 ஜனவரியில் லாப் இருக்கும் ஊரான படேவியாவில் வந்து இறங்கியவன்.

குளிர் பழகிவிடும். கோட்டும் பூட்ஸும் முதல் வாரமே வாங்கிவிடுங்கள். காரையும் தள்ளிப்போடாதீர்கள், லாப் வளாகத்துக்குள்ளேயே நடந்து கட்டாது. பாலாஜி கோயில், பக்கத்து ஊரான அரோராவில் இருக்கிறது.

தனிமைக்கு எனக்குத் தெரிந்த மருந்து இரவு ஷிப்ட்தான். நள்ளிரவு முதல் காலை எட்டு வரை, ஆந்தை ஷிப்ட் என்போம். துகள் மோதல்களைப் பதிவுசெய்யும் சிடிஎஃப் கருவியின் கன்ட்ரோல் ரூமில் ஒரு இத்தாலிக்காரர், ஒரு கொரியப் பெண், நான். முதல் மாதம் பேச்சே வரவில்லை. ஆனால் டெவட்ரான் என்ற 6.3 கி.மீ. துகள்முடுக்கி வளையத்தில் புரோட்டானும், அதன் எதிர்மின்னூட்ட இணையான எதிர்புரோட்டானும் எதிரெதிரே சுற்றும்போது மூவர் கண்ணும் ஒரே திரையில்தான் இருக்கும். ஒரு லட்சம் புரோட்டானை நிக்கல் இலக்கில் மோதவிட்டால் எதிர்புரோட்டான் இரண்டு தேறும், அவ்வளவுதான். சிறுவாடு சேர்ப்பதுபோல மணிக்கணக்கில் சேர்த்துத்தான் வளையத்துக்குள் விடுவார்கள். துகள்களை வளைக்கும் காந்தங்கள் மைனஸ் 268 டிகிரி செல்சியஸ் ஹீலியத்தில் கிடக்கும்; ஒன்று லேசாகச் சூடானாலும் சேர்த்த துகள் எல்லாம் போச்சு. அதற்குப் பேர் குவெஞ்ச்.

ஒரு பிப்ரவரி இரவு மூன்று மணிக்குத் திரையில் துகள் அளவைக் காட்டும் கோடு சட்டென்று கீழே விழுந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கொரியப் பெண் பின்மேசையில் கிம்பாப் (கொரியச் சோற்றுச் சுருள்) டப்பாவைத் திறந்து வைத்தார். நான் என் எலுமிச்சை சாதத்தை வைத்தேன். அன்றிலிருந்து அவர்கள் எனக்கு வீட்டு மனுஷர்கள்.

2011 செப்டம்பர் 30 அன்று டெவட்ரானை நிறுத்தினார்கள். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் எல்எச்சி என்ற புதிய துகள்முடுக்கி மூன்றரை மடங்கு ஆற்றலில் மோதத் தொடங்கியிருந்தது; இன்னும் மூன்று வருடம் ஓட்டக் கேட்ட பணமும் கிடைக்கவில்லை. 1995-ல் டாப் குவார்க் என்ற அடிப்படைத் துகளைக் காட்டிக்கொடுத்த இயந்திரம். கட்டியபோது முன்னின்ற இயற்பியலாளர் ஹெலன் எட்வர்ட்ஸே நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். பெரிய திரையில் பார்த்துக்கொண்டிருந்தோம். இத்தாலிக்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் அழுதுவிட்டேன்.

உங்கள் சோதனைக்குத் துகள் அனுப்பும் டெலிவரி ரிங் இருக்கிறதே, அது எங்கள் எதிர்புரோட்டான்களைப் பக்குவப்படுத்திய பழைய டிபஞ்சர் வளையம்தான். அதனால் ஷிப்ட் பட்டியல் வந்தால் ஆந்தையைக் கேட்டு வாங்குங்கள், சாப்பாடு கொஞ்சம் கூடவே கட்டிக்கொண்டு போங்கள். வந்து சேர்ந்ததும் சொல்லுங்கள். லாபின் முதன்மைக் கட்டடமான வில்சன் ஹாலின் பதினைந்தாம் மாடி ஜன்னலிலிருந்து டெவட்ரான் வளையம் தெரியும், கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.