கன்னியாகுமரி சுனாமி ஃபார்வர்டை நம்பலாமா?

குழந்தைகளோடு கன்னியாகுமரி போக அறை போட்டிருக்கிறீர்கள், "வரும் சனிக்கிழமை கன்னியாகுமரியில் சுனாமி" என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைப் பகிர்ந்து, நம்பலாமா என்று கேட்டீர்கள். அதை நம்பி அறையை ரத்து செய்யாதீர்கள். சுனாமிக்கு யாராலும் தேதி குறிக்க முடியாது. பெரும்பாலும் கடலடியில் நிலநடுக்கம் வந்த பிறகுதான் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (INCOIS) என்ற இந்தியக் கடல் தகவல் மையம் எச்சரிக்கை விடும். நீங்கள் பகிர்ந்த செய்தியில் எங்கே நிலநடுக்கம் என்று ஒரு வரிகூட இல்லையே.

நீங்கள் பயப்பட வேண்டியது கள்ளக்கடல் என்ற திடீர் கடல் சீற்றத்துக்கு. கரையில் காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். எங்கோ தொலைவில் புயல் கிளப்பிய அலை திடீரென்று ஏறி வரும். 2024 மே 6 அன்று குமரி மாவட்டத்தில் உள்ள லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்களை அலை இழுத்துப்போனது. அப்போது கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்தது. கிளம்பும் அன்று காலை இன்காய்ஸ் இணையதளத்தில் குமரி மாவட்டத்துக்கு எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், குழந்தைகளோடு போகிறீர்கள். பாறைப் பக்கம் விடவே விடாதீர்கள்.