யூமா ரயிலும் 200 டாலரும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

'3:10 டு யூமா' படத்தின் 2007 வடிவம் உங்களுக்குப் பிடித்த கௌபாய் படம் என்று எழுதியிருந்தீர்கள். பார்த்தேன். விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் 1957இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றரை மணி நேரத்தில் கச்சிதமாக முடிகிறது. புதியதில் சண்டைகளைச் சேர்த்து அரை மணி நேரம் இழுத்துவிட்டார்கள். கடைசியில் கொள்ளைக்கூட்டத் தலைவன் பென் வேட் தன் கூட்டாளிகளையே சுட்டுக் கொல்வதை நம்பவே முடியவில்லை. இதில் உங்களை ஈர்த்தது எது?

கே.

அன்புள்ள கே.,

பழைய படம் கச்சிதமானது, மறுபேச்சில்லை. வேடாக கிளென் ஃபோர்டும் டானாக வான் ஹெஃப்லினும் ஓட்டல் அறையில் ரயிலுக்குக் காத்திருக்கும் பகுதி இன்றும் பதறவைக்கிறது. ஆனால் பிடிபட்ட வேடை யூமா சிறைக்கான ரயிலில் ஏற்ற ஒப்புக்கொண்ட ஏழை விவசாயி டான் எவன்ஸ் அதில் ஏன் கடைசிவரை நிற்கிறான்? கூட வந்த ஊர்க் குடிகாரனைக் கும்பல் தூக்கில் தொங்கவிட்டுவிடுகிறது. அவனே உயிரைக் கொடுத்தபின் நான் எப்படி விலகுவது என்கிறான். ஊருக்கான கடமை அது. முடிவில், வறட்சியில் அவன் ஏங்கிய மழையும் பெய்துவிடுகிறது.

புதிய படத்தின் இயக்குநர் ஜேம்ஸ் மேன்கோல்ட் அந்தக் கடமையை எடுத்துவிட்டு மகனை நடுவில் நிறுத்தினார். கிறிஸ்டியன் பேலின் டான், உள்நாட்டுப் போரில் ஒரு காலை இழந்தவன். மகன் வில்லியமுக்கு அவன்மேல் மதிப்பில்லை. ரஸ்ஸல் க்ரோவின் வேடைத்தான் அவன் வாய்பிளந்து பார்க்கிறான்.

இன்னொரு முறை பார்த்தால் 200 டாலர் என்ற தொகையைக் கவனியுங்கள். வேடை ரயிலேற்ற டானுக்குப் பேசிய கூலி அது. இழந்த காலுக்கு அரசாங்கம் கொடுத்ததும் ஏறக்குறைய அதேதான், 198 டாலர் சொச்சம். ரயில் வரும் கான்டென்ஷன் ஊரில் வேடின் வலதுகையான சார்லி பிரின்ஸ், வேடைக் காவல் காப்பவர்களில் யாரைச் சுட்டாலும் 200 டாலர் என்று தெருவில் நின்று கூவுகிறான். ஊர்க்காரர்கள் துப்பாக்கியைத் தூக்கிவிடுகிறார்கள். ஒரு காலுக்கும் ஓர் உயிருக்கும் ஒரே விலை! இந்த நிலையில், கூலியைத் தந்துவிடுகிறேன், நீ வீட்டுக்குப் போ என்று ரயில் நிறுவனத்தின் ஆள் பட்டர்ஃபீல்ட் சொல்லும்போது டான் மறுக்கிறான். எனக்குப் படம் அங்கேதான் உயரம் தொடுகிறது.

அப்புறம் அந்த ஓட்டம். வேட் டானின் கழுத்தை நெரிக்கும்போது டான் உண்மையைச் சொல்கிறான்: கால் வீரப்போரில் போகவில்லை, பின்வாங்கும்போது சொந்தப் படையாள் சுட்டதில் போனது. இதை மகனிடம் எப்படிச் சொல்வது? அதைக் கேட்டபிறகுதான் வேட் அவனோடு சேர்ந்து ரயிலை நோக்கி ஓடுகிறான். எல்லோருக்கும் விலை உண்டு என்று நம்பி வாழ்ந்தவன், விலைபோகாத ஒருவனைக் கண்டுவிட்டான். அவனைக் கண்ணெதிரே சுட்டவர்களை வேட் வேறென்ன செய்வான்? எனக்கு அது முழுக்க நம்பும்படியாகவே இருக்கிறது. வலிப்பது பிரின்ஸின் சாவுதான். வேடைக் காப்பாற்ற ஊர் ஊராகத் துரத்தி வந்தவன் அவன். சாகும்போது, பிரின்ஸாக நடித்த பென் ஃபாஸ்டரின் முகத்தில் தெரியும் திகைப்பை மறக்க முடியவில்லை.

நீளம் பற்றி நீங்கள் சொல்வதில் பாதி சரி. ரயில்பாதைத் தொழிலாளர் முகாமையும் சுரங்கத்தையும் குறைத்திருக்கலாம். ஆனால் வழிப்பயணத்தையே வெட்டினால், மகன் யாரைப் பின்பற்றுவது என்று தடுமாறுவதற்கு இடமே இருக்காது.

இரண்டு படங்களுக்கும் மூலமான, எல்மோர் லெனர்டின் 1953ஆம் ஆண்டுச் சிறுகதையையும் படியுங்கள். அதில் விவசாயியே கிடையாது. கைதியைக் கொண்டுபோவது மாதச் சம்பளம் வாங்கும் ஒரு துணை மார்ஷல். நீங்கள் மூலமாகக் கருதும் 1957 படமும் அந்தக் கதையைத் தாராளமாக மாற்றித்தான் எடுத்தது.