மூணு பாஷை கேட்டா கொழந்த கொழம்பிடுமா?

அண்ணா வணக்கம். நாங்க ஓசூர் பக்கம் இருக்கோம். மாமியார் பேசறது தெலுங்கு, எனக்கு பாலக்கோடு, தமிழ்தான், மாடி வீட்ல கன்னடம். பையனுக்கு ரெண்டே முக்கால் வயசு, எல்லாத்தையும் கலந்து பேசறான். "வாமாட்டேன்"ங்கறான், எத்தன தடவ திருத்தினாலும் அதேதான். ப்ளேஸ்கூல்ல வீட்ல இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, இல்லன்னா பேச்சு லேட்டாகும்னாங்க. அதனால மாமியார தெலுங்குல பேச வேணாம்னு சொல்லிட்டோம், இப்ப அவங்க அவன்கிட்ட பேசறதே கொறஞ்சு போச்சு. நெட்ல ஸ்கின்னர், சாம்ஸ்கினு என்னென்னவோ படிச்சேன். யார் சொல்றது சரி?

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

அந்த "வாமாட்டேன்" இருக்கே, அத உங்க வீட்ல யாராச்சும் சொல்லி அவன் கேட்டிருப்பானா? இருக்காது. நாம "போமாட்டேன்"னு பேசறத கேட்டுட்டு, அப்ப வா-க்கு வாமாட்டேன்தானேனு அவனா ஒரு ரூல் போட்டுக்கிட்டான். 1958ல ஜீன் பெர்கோனு ஒரு ஆராய்ச்சிக்கார அம்மா, பறவ மாதிரி ஒரு படத்த வரஞ்சு "வக்"னு இல்லாத பேர் வச்சு, ரெண்டு இருந்தா என்னனு இங்கிலீஷ் பேசற சின்னப் புள்ளைங்கள கேட்டாங்க, முக்காவாசி பேர் "வக்ஸ்"னுட்டாங்க, அந்த வார்த்தைய அதுக்கு முன்னாடி அவங்க கேட்டதே கெடையாது.

ஸ்கின்னர்ங்கற மனோதத்துவ அறிஞர் 1957ல எழுதினது, பேச்சும் ஒரு பழக்கம், சரியா சொன்னா பலன் கிடைக்குது, அதனால நிலைக்குதுன்னு. 1959ல மொழியியல் அறிஞர் சாம்ஸ்கி அத கிழிச்சு தொங்கவிட்டாரு, கேக்காத வாக்கியத்தையும் கொழந்த பேசுதே, இலக்கணத்துக்கான அடிப்படை பொறக்கும்போதே மூளைல இருக்குன்னாரு. எனக்கு ரெண்டுமே முழுசா ஒட்டல. கொழந்தைங்க மொழி கத்துக்கறத ஆராய்ஞ்ச மைக்கேல் டொமசெல்லோ சொல்றதுதான் மனசுக்கு சரியா படுது: எதிர்ல இருக்கறவங்க என்ன சொல்ல வர்றாங்கன்னு புடிக்கற திறமையும், கேட்டதுல ஒழுங்கு கண்டுபுடிக்கற திறமையும் கொழந்தைக்கு இருக்கு, அது ரெண்டையும் வச்சு கொஞ்சம் கொஞ்சமா மொழிய அதுவே கட்டிக்குது. அதனால திருத்தி திருத்தி களைச்சுப் போவாதீங்க, அவன் "வாமாட்டேன்"னா நீங்க "ஏன்டா வரமாட்ட?"னு கேட்டுட்டு மேல பேசிட்டே இருங்க, தானா மாறிடும்.

உங்க மாமியார் விஷயம் படிச்சதும் மனசு கஷ்டமாயிடுச்சு. பேட்ரிசியா குல்னு ஒரு ஆராய்ச்சியாளர், 2003ல வந்தது அந்த ஆராய்ச்சி, ஒம்பது மாச அமெரிக்க கொழந்தைங்களுக்கு சீன மொழி கேக்க வச்சாங்க, சிலருக்கு ஆளே எதிர்ல உக்காந்து வெளயாட்டு காட்டி பேசினாங்க, சிலருக்கு அதையே டிவில போட்டாங்க. ஆள் பேசி கேட்ட கொழந்தைங்க 12 தடவைலயே அந்த மொழி ஒலிய புடிச்சுக்கிச்சு, டிவி பாத்ததுங்களுக்கு ஒண்ணும் ஏறல. ஆக, மடில வச்சு சோறு ஊட்டிட்டே தெலுங்குல கத சொல்ற ஒரு ஆள் உங்க வீட்லயே இருக்காங்க, அவங்கள போய் நிறுத்திட்டீங்களேம்மா. வீட்டு இங்கிலீஷ்னா நம்மள்ல நெறைய பேருக்கு "கம் ஹியர், சிட் டவுன்" தாண்டாது, அதுல ஒரு கொழந்த என்னத்த கேட்டு வளரும்?

போன மாசம் ஓசூர் பஸ் ஸ்டாண்ட்ல பூ விக்கற அம்மா பக்கத்துல அவங்க பொண்ணு நின்னுச்சு, அஞ்சு வயசு இருக்கும், அம்மாகிட்ட தெலுங்கு, மாலூர் போற பாட்டிகிட்ட கன்னடம், என்கிட்ட "சில்லறையா குடுங்க"னு தமிழ், ஒரு எடத்துலயும் தடுமாறல. கலந்து பேசறது சின்ன வயசுல சகஜம், கையில கிடைக்கற வார்த்தைய எடுத்து பேசறான், அவ்ளோதான். எத்தன வார்த்த தெரியும்னு எண்ணினா எல்லா மொழியும் சேத்து எண்ணுங்க. நெறைய மொழி கேக்கறதால பேச்சுக்கோளாறு வராது.

நான் கவலப்படற விஷயம் வேற. கூப்பிட்டா திரும்பாம இருக்கறது, எந்த மொழிலயும் ரெண்டு வார்த்த சேத்து பேசாதது, பேசிட்டு இருந்தது நின்னு போறது, இதுல எது இருந்தாலும் ப்ளேஸ்கூல்ல கேக்காதீங்க, கொழந்த டாக்டர்கிட்ட காட்டி காது டெஸ்ட் எடுத்துடுங்க. நீங்க எழுதினத வச்சு பாத்தா பையனுக்கு அப்படி எதுவும் தெரியல. மாமியார்கிட்ட இன்னைக்கே போய் பேசுங்க.