சம்பளம் ஏறியும் ஏன் பின்னாடியே நிக்கறோம்?

சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்ல இருந்து 40 வயசு அக்கா ஒருத்தங்க கேட்டிருக்காங்க, காண்டோ (வசதியானவங்க இருக்கற தனியார் அடுக்குமாடி) ஒண்ணுல துப்புரவு சூப்பர்வைசராம். "முதலாளித்துவம் எல்லாரையும் தூக்கி விடும்ங்கறாங்க, என் சம்பளமும் ஏறி மாசம் 2,700 வெள்ளி ஆச்சு, ஆனா அந்த காண்டோக்காரங்க எங்கயோ போயிட்டாங்களே, நான் என்ன பண்றது?"

அக்கா, பணம் பெருகுதுங்கறதும் நிஜம், இடைவெளி கூடுதுங்கறதும் நிஜம். வெளிநாட்டு கம்பெனிங்க ஜூரோங்ல பேக்டரி போட்டதாலதான் கம்பத்துல (அந்தக் கால கிராமத்துல) இருந்த எத்தனையோ குடும்பம் மாசச் சம்பளத்தையே பாத்துச்சு, அத மறுக்க முடியாது. ஆனா கணக்க பாருங்க, உங்க சம்பளம் 4% ஏறினா வருசத்துக்கு 1,296 வெள்ளி, 10 லட்சம் வெள்ளி வீடு வச்சிருக்கறவருக்கு அதே 4% ஏறினா 40,000, அவரு தூங்கி எந்திரிச்சாலே போதும். அதுக்கு மேல இங்க சொத்த வித்து வர்ற லாபத்துக்கு கேப்பிட்டல் கெயின்ஸ் வரி கிடையாது, இறந்தவரோட சொத்துக்குப் போட்ட எஸ்டேட் டியூட்டியையும் 2008ல எடுத்துட்டாங்க, அத எடுத்தது தப்புன்னுதான் நான் இன்னும் சொல்றேன்.

2024ல வருமான ஏற்றத்தாழ்வ அளக்கற ஜினி எண் இங்க 0.435, வரியும் அரசாங்க உதவியும் சேத்தா 0.364க்கு இறங்குது (0ன்னா எல்லாருக்கும் சமம், 1ன்னா மொத்தமும் ஒருத்தர் கையில). நல்ல விசயம்தான், ஆனா அந்த முதல் கணக்கு வேலை வருமானத்த வச்சுப் போட்டது, வாடகையும் ஷேர் லாபமும் அதுல வராது, நீங்க பாக்கற இடைவெளி அங்கதான் ஒளிஞ்சிருக்கு.

சம்பளத்த மட்டும் நம்பினா அவங்கள எட்டிப் பிடிக்க முடியாதுக்கா, கொஞ்சமாச்சும் சொத்து பக்கம் கால் வைக்கணும். முதல்ல வொர்க்ஃபேர் (குறைஞ்ச சம்பளக்காரங்களுக்கு அரசாங்கம் தர்ற உதவித்தொகை) வருதான்னு பாருங்க, 2025ல இருந்து மாசச் சம்பள வரம்பு 3,000 வெள்ளி. அப்புறம் சிபிஎஃப், அதாவது சம்பளத்துல பிடிக்கற சேமநிதி. அதுல வீட்டுக்கும் எடுக்கற ஆர்டினரி கணக்குல 20,000 இருந்தா 2.5%ல 15 வருசத்துல சுமார் 29,000 ஆகும், ஓய்வுக்காலத்துக்கான ஸ்பெஷல் கணக்குக்கு மாத்தி 4% கிடைச்சா சுமார் 36,000, கூடுதல் வட்டிய நான் சேக்கல. ஆனா ஒரு தடவ மாத்தினா திரும்ப ஆர்டினரிக்கு கொண்டு வர முடியாது, வீட்டுத் தவணை ஆர்டினரில இருந்து போகுதுன்னா அவசரப்படாதீங்க. கையில ரொக்கம் இருந்தா அரசாங்கத்தோட சேவிங்ஸ் பாண்ட் (சேமிப்புப் பத்திரம்) 500 வெள்ளில இருந்து வாங்கலாம், வேணுங்கற மாசம் எடுத்துக்கலாம்.

வீட்டுக் கடன் இன்னும் எவ்ளோ பாக்கின்னு எழுதுங்க, அத வச்சு ஸ்பெஷலுக்கு எவ்ளோ மாத்தலாம்னு கணக்கு போட்டுடலாம்.