தேவாலய மேடை விளக்குகள்: முழு அமைப்பையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: எங்கள் தேவாலய மேடையில் உள்ள பன்னிரண்டு எல்இடி விளக்குகளை, மடிக்கணினியில் செருகிய யூஎஸ்பி டிஎம்எக்ஸ் கருவி (விளக்குகளுக்குக் கட்டளைச் சமிக்ஞை அனுப்பும் சாதனம்) மூலம் இயக்குகிறோம். ஒத்திகையில் சிக்கல் எதுவும் இல்லை. ஞாயிறு ஆராதனையில் பாடல் வரிகளைத் திரையிடத் தொடங்கியதும், எல்லா விளக்குகளும் சில வினாடிகள் கட்டளைக்கு அசையாமல் நின்றுவிடுகின்றன. கடைசி மூன்று விளக்குகள் மட்டும் அவ்வப்போது துடித்து, தாமாகவே நிறம் மாறுகின்றன. முழு அமைப்பையும் மாற்றும்படி விற்பனையாளர் கூறுகிறார். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்களுக்கு இருப்பது பெரும்பாலும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு சிறு கோளாறுகள். புதிய கன்சோல் (விளக்குக் கட்டுப்பாட்டு மேசை) வாங்கினாலும் அவற்றில் ஒன்று அப்படியே இருக்கும்.

எல்லா விளக்குகளும் ஒருசேர நின்றால், சந்தேகம் மடிக்கணினியின் மீதும் யூஎஸ்பி கருவியின் மீதும்தான் விழ வேண்டும். மலிவான கருவிகள் பலவற்றில் தனிச் செயலி (புராசஸர்) கிடையாது. வினாடிக்கு 2,50,000 பிட் வேகத்தில் செல்லும் டிஎம்எக்ஸ் சமிக்ஞையை எப்போது அனுப்புவது என்பதைக் கணினியே கவனித்துக்கொள்ள வேண்டியிருப்பதால், அதே கணினி பாடல் வரிகளையும் காணொளியையும் திரையிடும்போது அனுப்பும் ஒழுங்கு தடுமாறுகிறது. ஒரு ஞாயிறு மட்டும் பாடல் வரிகளை வேறு கணினிக்கு மாற்றி, விளக்குக் கணினியில் யூஎஸ்பி மின்சேமிப்பு வசதியையும் அணைத்துப் பாருங்கள். சிக்கல் மறைந்தால், தனிச் செயலியுள்ள கருவி ஒன்றை வாங்கினால் போதும். ஆனால் சில மென்பொருள்கள் தம் நிறுவனத்தின் கருவியோடு மட்டுமே இயங்கும் என்பதால், உங்கள் மென்பொருளின் பெயரைச் சொல்லி, ஒத்துவராவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வதாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசி மூன்று விளக்குகளின் கதை வேறு. கம்பியின் முடிவில் டெர்மினேட்டர் எனும் முடிவுச் செருகி இல்லாதபோது சமிக்ஞை எதிரொலித்துத் திரும்பி, தன்னையே குழப்பிக்கொள்கிறது. இரண்டாம், மூன்றாம் பின்களுக்கு இடையே 120 ஓம் மின்தடை பற்றவைத்த செருகி ஒன்றைக் கடைசி விளக்கின் வெளியீட்டில் செருக வேண்டும். இங்கே சொல்பவற்றில் மிக மலிவான பொருள் இதுதான், பலரும் வாங்காமல் விடுவதும் இதைத்தான். செருகிய பின், விளக்குகளை அணைத்து, யூஎஸ்பி கருவியிலிருந்து கம்பியைக் கழற்றி, அந்த முனையில் அதே இரு பின்களுக்கு இடையே மல்டிமீட்டரால் அளந்தால், அளவு 120 ஓமை ஒட்டி இருக்க வேண்டும். மிக அதிகமாகக் காட்டினால் வழியில் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது.

ஒன்பதாம் விளக்கிலிருந்து பத்தாம் விளக்குக்குச் செல்லும் கம்பியையும் கையில் எடுத்துப் பாருங்கள். மூன்று பின் செருகி மைக்குக்கும் பொருந்துவதால், ஒலிக்கருவிகள் வைக்கும் பெட்டியிலிருந்து மைக் கேபிளை எடுத்து மாட்டிவிடுவது எங்கும் நடப்பதுதான். அதன் மின்மறுப்பு (சமிக்ஞைக்குக் கேபிள் காட்டும் எதிர்ப்பு) டிஎம்எக்ஸுக்கு ஏற்றதல்ல. உறையில் 110 அல்லது 120 ஓம் என்று குறித்த கேபிளாக வாங்குங்கள். தானாக நிறம் மாறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: சமிக்ஞை அறுபட்டவுடன் தானியங்கி நிகழ்ச்சிக்குத் தாவும்படி சில விளக்குகள் அமைக்கப்பட்டிருக்கும். பின்புறத் திரையின் மெனுவில் அதை மாற்றிவிடலாம். ஆயினும் அது அறிகுறியை மறைக்குமே தவிர, அறுபடுவதை நிறுத்தாது.

ஒரு கம்பித்தொடரில் 32 கருவிகள் வரை இணைக்கலாம் என்பதால், பன்னிரண்டு விளக்குகளுக்கு ஸ்ப்ளிட்டர் (சமிக்ஞையைப் பல கம்பிகளுக்குப் பிரித்தனுப்பும் கருவி) தேவையில்லை. கம்பியை இடையில் கிளை பிரித்திருந்தால் மட்டும் வாங்குங்கள். கம்பியில்லா டிஎம்எக்ஸை விற்பனையாளர் பரிந்துரைத்தால் தவிர்த்துவிடுங்கள். அவற்றுள் பல வைஃபை பயன்படுத்தும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவதால், அரங்கு நிறைய கைப்பேசிகள் இருக்கும் ஞாயிறுகளில் புதிய தொல்லையாக முடியலாம்.